கூண்டு ஈனிக்குள் தாமிரம்: மூன்று மின்னோட்ட முகடுகளும் ஒரு முடிவும் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது ஆஸ்திரேலியாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் கனிம வேதியியல் ஆய்வகத்தில் நடந்தது. சம்பந்தப்பட்டவர்கள் ஒரு முனைவர் பட்ட மாணவி, அவருடைய வழிகாட்டி, பக்கத்து மருத்துவ ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஓர் உயிரியல் குழு. அந்த ஆய்வகத்தின் மின்வேதியியல் கருவிகள் என் பொறுப்பில் இருந்ததால் அளவீடுகளின்போது நானும் கூடவே இருந்தேன்.

உயிரியல் குழுவின் தேவை எளிமையானது. புற்றுநோய்க் கட்டியின் மேல் போய் ஒட்டும் ஓர் எதிருயிரியில் (ஆன்டிபாடி என்ற நோயெதிர்ப்புப் புரதம்) தாமிரம்-64 என்ற கதிரியக்க அணுவைக் கட்ட வேண்டும். பெட் ஸ்கேனில் கட்டி எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எதிருயிரி ரத்தத்தில் மெதுவாகச் சுற்றும், கட்டியில் போய்ச் சேர ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். தாமிரம்-64-இன் அரை ஆயுள் 12.7 மணி நேரம் என்பதால் அந்தக் காத்திருப்புக்கு அது ஓரளவு ஈடுகொடுக்கும். ஆனால் அவ்வளவு நேரமும் தாமிரம் தன் இடத்தை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் நேராகக் கல்லீரலுக்குப் போகும். அங்கே தாமிரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் புரதங்கள் ஏராளம். டீட்டா என்ற ஈனியில் (உலோக அயனியைப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறு) கட்டிய தாமிரம்-64, எலிகளின் கல்லீரலில் சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதிக்குக் கைமாறியதை 2000-இலேயே காட்டிவிட்டார்கள். டோட்டா என்ற இன்னோர் ஈனியும் தாமிரத்தைப் பொறுத்தவரை அதே குறை உள்ளதுதான். ஆக, இரண்டும் தொடக்கத்திலேயே பட்டியலிலிருந்து விலகின.

மிஞ்சியவை இரண்டு. ஒன்று சிபி-டீஇ2ஏ: நான்கு நைட்ரஜன் கொண்ட சைக்ளம் வளையத்தின் குறுக்கே ஒரு பாலம் போட்டு, இரண்டு கார்பாக்சிலேட் கைகள் கொடுத்தது. மற்றது டையாம்சார்: ஆறு நைட்ரஜன்கள் உலோகத்தை எல்லாப் பக்கமும் சூழ்ந்துகொள்ளும் முழுக் கூண்டு. இரண்டில் எது என்பதை எங்கள் ஆய்வகம் சொல்ல வேண்டும்.

கூண்டு ஈனிகளின் வரலாற்றை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும், பின்னால் நடந்ததற்கு அது காரணம். கான்பெராவில் ஆலன் சார்ஜசனின் குழு 1977-இல் முதல் கூண்டை அறிவித்தது. மூன்று எத்திலீன்டைஅமீன்கள் ஏற்கெனவே சுற்றி நிற்கும் கோபால்ட் 3+ அயனியை அச்சாக வைத்து, ஃபார்மால்டிஹைடும் அம்மோனியாவும் சேர்த்து மேலும் கீழும் மூடி போட்டார்கள். அம்மோனியாவுக்குப் பதில் நைட்ரோமீத்தேன் போட்டால் இரு முனையிலும் நைட்ரோ தொகுதி வரும். அதை ஒடுக்கினால் டையாம்சார். அந்தக் கோபால்ட் கூண்டுகள் எலக்ட்ரானை வாங்கி, திருப்பிக் கொடுத்து, மறுபடி வாங்கும். உலோகம் வெளியே வராது. கூண்டில்லாத கோபால்ட் எத்திலீன்டைஅமீன் அணைவோடு (உலோகமும் ஈனியும் சேர்ந்த பொருள்) ஒப்பிட்டால் எலக்ட்ரான் பரிமாற்றம் சுமார் ஒரு லட்சம் மடங்கு வேகம். கூண்டு என்றாலே மீள் ஒடுக்கம் (எலக்ட்ரானை ஏற்று ஒடுங்கி, அதைத் திருப்பிக் கொடுத்துப் பழையபடி ஆவது) என்ற எதிர்பார்ப்பு துறையில் பலருக்கு ஊறியிருப்பது இதனால்தான். மாணவியும் அந்த எதிர்பார்ப்போடுதான் தொடங்கினார்.

முதல் அளவீடு

கோபால்ட் கூண்டை வாங்கி, கோபால்ட்டை 2+ நிலைக்கு இறக்கி, சயனைடு மிகுதியில் சூடாக்கி உலோகத்தை உருவி எடுத்து, வெற்று ஈனியைப் பிரித்தார் மாணவி. அதோடு தாமிர நைட்ரேட்டைக் கொஞ்சம் கூடுதலாகவே சேர்த்தார். கரைசல் உடனே நீலமானது. நிறை நிறமாலையில் 376, 378 என்ற இரட்டை முகடு, தாமிரத்தின் 63, 65 ஐசோடோப்புகளுக்குரிய விகிதத்தில் தெளிவாக வந்தது. பொருள் கிடைத்துவிட்டது என்று எல்லாரும் நினைத்தோம். நினைத்ததில் தப்பில்லை, பெரும்பகுதி அதுதான்.

அடுத்தது சைக்ளிக் வோல்டாமெட்ரி: மின்னழுத்தத்தை ஒரு பக்கம் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்து, ஒவ்வோர் இடத்திலும் ஓடும் மின்னோட்டத்தை வரைந்து பார்ப்பது. 0.1 மோலார் சோடியம் அசிட்டேட், பிஎச் 7, கண்ணாடிக் கார்பன் மின்வாய், வெள்ளி/வெள்ளி குளோரைடு ஒப்பு மின்வாய். இவ்வளவு எதிர்மறை மின்னழுத்தத்துக்குத் தண்ணீரில் பிளாட்டினம் ஆகாது, ஹைட்ரஜன் வெளியேறி எல்லாவற்றையும் மூடிவிடும். ஆக்சிஜன் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் அதன் ஒடுக்கமே பெரிய மேடாக வரும், அதனால் நைட்ரஜனை நன்றாக ஊதிவிட்டுத்தான் தொடங்கினோம்.

பூச்சியத்துக்குச் சற்று மேலிருந்து எதிர்ப்பக்கம் போய்த் திரும்பி வந்த வரைவில் மூன்று விஷயங்கள் தெரிந்தன. சுமார் −0.5 வோல்ட்டில் அழகான, சிறிய ஒரு மீள் அலை. −0.9 வோல்ட் அருகே பெரிய ஒடுக்க முகடு. திரும்பி வரும்போது அதற்கு இணையே இல்லை. அப்புறம், பூச்சியத்தை நெருங்கும் இடத்தில் ஊசி போல உயர்ந்து சட்டென்று விழுந்த ஓர் ஆக்சிஜனேற்ற முகடு.

மாணவி இதை இப்படிப் படித்தார்: −0.5-இல் இருப்பது கூண்டுக்குள் உள்ள தாமிரத்தின் 2+/1+ இணை, கோபால்ட் போலவே மீள்கிறது, −0.9-இல் இருப்பது தாமிர உலோகமாக ஒடுங்குவது. ஊசி முகடு அந்த உலோகம் மறுபடி கரைவது. கேட்பதற்குக் கோவையாகத்தான் இருந்தது. அலை சிறியதாக இருப்பதற்கு மட்டும் விளக்கம் இல்லை. ஒரே அயனியின் ஓர் எலக்ட்ரான் ஒடுக்கமும் அடுத்த எலக்ட்ரான் ஒடுக்கமும் உயரத்தில் இவ்வளவு வேறுபடக் காரணமில்லை.

சந்தேகம் எழுந்த இடம்

வழிகாட்டி அலையின் உயரத்தைப் பற்றிப் பேசவேயில்லை. படிக அமைப்பைத்தான் எடுத்து வைத்தார். டையாம்சாரில் தாமிரம் 2+ உட்கார்ந்திருக்கும் விதம் ஏற்கெனவே எக்ஸ்-கதிர் ஆய்வில் தெரிந்தது. ஆறு நைட்ரஜன்களும் பிணைந்திருக்கும், ஆனால் சமமாக அல்ல. நான்கு பிணைப்புகள் சுமார் 2.1 ஆங்ஸ்ட்ராம், எதிரெதிரே உள்ள இரண்டு சுமார் 2.3. தாமிரம் 2+-க்கே உரிய யான்–டெல்லர் நீட்சி அது. கூண்டோ தன் பங்குக்கு எண்முகியை முறுக்கி முக்கோணப் பட்டகத்தின் பக்கம் கொஞ்சம் கொண்டுபோகிறது. உலோகம் ஒரு பக்கம் இழுக்க, கூண்டு இன்னொரு பக்கம் முறுக்க, இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம்.

இதில் ஓர் எலக்ட்ரான் போட்டால் என்ன ஆகும்? தாமிரம் 1+-க்கு டி ஆர்பிட்டால்கள் நிறைந்துவிட்டன. அதற்கு ஆறு பேர் சூழ்ந்து நிற்க வேண்டிய அவசியம் இல்லை. நான்கு பேர் நான்முகியாக நின்றால் போதும், இரண்டு மூன்று பேரே போதும் என்றும் இருக்கும். அதற்குப் பிடித்தவை கந்தகம், பாஸ்பரஸ் போன்ற மென்மையான அணுக்கள். நிறைவுற்ற அமீன் நைட்ரஜன் அந்த வகை இல்லை. ஆறு அமீன்களின் கூண்டு தாமிரம் 1+-க்கு எல்லா வகையிலும் பொருந்தாத வீடு. அப்படிப்பட்ட அயனி வெறும் −0.5 வோல்ட்டில் உருவாகி, அசையாமல் உள்ளேயே இருந்து, எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழையபடி உட்காரும் என்பது அமைப்போடு ஒத்துப்போகவில்லை. அந்த மீள் அலை தாமிரத்துடையதாக இருக்க வாய்ப்பு குறைவு என்பது அவர் கருத்து.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மூன்று முகடுகளையும் தனித்தனியாக விசாரிப்பது என்று முடிவானது.

முதலில் மீள் அலை. ஆய்வகத்தில் மீளக்கூடிய கூண்டு ஒன்றுதான் இருந்தது: எந்தப் பொருளிலிருந்து ஈனியை உருவி எடுத்தோமோ அந்தக் கோபால்ட் கூண்டு. சயனைடு முழுவதையும் உருவவில்லை என்றால் மிச்சம் ஈனியோடு கூடவே வந்திருக்கும். டையாம்சார் கோபால்ட்டின் 3+/2+ இணை நடுநிலைக் கரைசலில் சுமார் −0.5 வோல்ட்டில்தான், அதே ஒப்பு மின்வாயில், வரும். இதைச் சோதிக்க நல்ல வழி ஒன்று இருந்தது. கூண்டின் இரு முனைகளிலும் உள்ள அமீன்கள் உலோகத்தோடு பிணையாதவை. அமிலத்தில் அவை புரோட்டானை ஏற்றுக்கொள்ளும். நேர்மின்சுமை கூடினால் கோபால்ட்டை ஒடுக்குவது எளிதாகும், அலை நேர்ப்பக்கம் நகரும். மாணவி கரைசலை அமிலமாக்கிப் பார்த்தார். அலை நன்றாகவே நகர்ந்தது. பிறகு தூய கோபால்ட் கூண்டைத் துளி அளவு சேர்த்தார். புது அலை எதுவும் முளைக்கவில்லை, இருந்த அலையே உயர்ந்தது. அதோடு அந்தக் கேள்வி முடிந்தது.

பழைய நிறை நிறமாலையைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது கோபால்ட் கூண்டுக்குரிய 371-இல் ஒற்றை முகடு ஒன்று அடிக்கோட்டை ஒட்டி நின்றது. கோபால்ட்டுக்கு 59 என்ற ஒரே நிலையான ஐசோடோப்புதான், ஆகவே இரட்டை இல்லை. இரட்டை முகட்டைத் தேடிய கண்ணுக்கு ஒற்றை தெரியாமல் போனது இயல்பு. எனக்கு இந்தக் கட்டம் மிக முக்கியமாகப் படுகிறது: வோல்டாமெட்ரி ஒரு பொருளின் அளவை விட அதன் நடத்தையைப் பெரிதாகக் காட்டும். சில சதவீதம் மட்டுமே உள்ள மாசு, நன்றாக மீளக்கூடியதாக இருந்தால், முழுப் பொருளையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு முன்னால் வந்து நிற்கும்.

அடுத்தது ஊசி முகடு. உலோகப் படலம் மின்வாயிலிருந்து கரையும்போது அந்த வடிவம்தான் வரும். படலம் தீர்ந்ததும் மின்னோட்டம் செங்குத்தாக விழும். கேள்வி, அந்தத் தாமிரம் எங்கிருந்து வந்தது என்பது. கூடுதலாகப் போட்ட நைட்ரேட்டிலிருந்து வந்த கட்டற்ற தாமிரமா, கூண்டு ஒடுங்கியபோது தப்பியதா? வேறுபடுத்த ஸ்கேனைத் திருப்பும் இடத்தை மாற்றினால் போதும். கூண்டு −0.9 வரை அசையாது, ஆனால் கட்டற்ற தாமிரம் அதற்கு வெகு முன்பே உலோகமாகப் படியும். −0.6 வோல்ட்டில் திருப்பினோம். ஊசி அப்போதும் இருந்தது, முன்பைவிடக் குட்டையாக. ஆக, கட்டற்ற தாமிரம் கலந்திருப்பது உறுதி. ஆனால் −1.1 வரை போனால் உயரம் கூடியதே, அந்தக் கூடுதல் எதிலிருந்து என்று தூய்மைப்படுத்தாமல் சொல்ல முடியாது.

அயனிப் பரிமாற்ற ரெசின் நிரப்பிய குழாயில் கரைசலை ஏற்றினார்கள். 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கட்டற்ற தாமிரம் இறங்கிப் போனது. செறிவை 3 மோலாருக்கு ஏற்றியதும் நீலப் பட்டை நகரத் தொடங்கியது. அதற்கு மேலே, ரெசினின் உச்சியை விட்டு வர மனமில்லாமல், நகத்தளவு அகலத்தில் மஞ்சள் பட்டை ஒன்று நின்றது. அமிலத்தில் தாமிரக் கூண்டின் மின்சுமை 4+, கோபால்ட் கூண்டின் மின்சுமை 5+. சுமை கூடியது ரெசினை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மின்வாயில் பார்த்த மீள் அலையைக் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

இன்னொன்றும் அங்கேயே தெரிந்தது. 3 மோலார் அமிலத்தில் அந்த நீலம் அப்படியே இருந்தது. டோட்டா, டீட்டா தாமிரத்தை இப்படி ஒரு குழாயில் ஏற்றி இறக்க யாரும் துணிய மாட்டார்கள்.

தூய பொருள் சொன்னது

பிரித்த நீலப் பொருளை மறுபடி அளந்தபோது −0.5 அலை மறைந்தது. −0.6-இல் திருப்பினால் ஊசி இல்லை. −1.1 வரை போனால் −0.90 வோல்ட்டில் ஒடுக்க முகடு, திரும்பும் வழியில் இணை இல்லை, பூச்சியம் அருகே சிறிய ஊசி. அதாவது, ஒடுங்கும்போது கூண்டு உண்மையிலேயே தாமிரத்தை விடுகிறது. ஸ்கேன் வேகத்தைக் கூட்டிப் பார்த்தும் மீள் தன்மை தென்படவில்லை. டையாம்சார் தாமிரத்துக்கு வெளியான ஆய்வுகளில் உள்ள மதிப்பும் இதுவே: −0.90 வோல்ட், மீளாது.

இங்கே ஆய்வகத்தில் உண்மையான கருத்து வேறுபாடு எழுந்தது. சிபி-டீஇ2ஏ தாமிரம் −0.88 வோல்ட்டில் ஏறக்குறைய மீளும் அலை தருகிறது. அதன் வளையம் சிப்பி போல மடிந்து உலோகத்தைக் கவ்வுவதால், நான்கு பேர் போதும் என்கிற தாமிரம் 1+-ஐயும் சற்று நேரம் வைத்துக்கொள்ள முடிகிறது. உடலில் ஒடுக்கம் நடந்தாலும் அதில் தாமிரம் பிழைக்கும், கூண்டில் பிழைக்காது. ஆகவே கூண்டைக் கைவிடுவோம் என்பது மாணவியின் வாதம். நேர்மையான வாதம், அவர் கையில் இருந்த வரைவு அதைத்தான் சொன்னது.

வழிகாட்டி இரண்டு கேள்விகள் கேட்டார். உடலில் அந்த ஒடுக்கம் நடக்குமா? உயிரணுக்களில் உள்ள ஒடுக்கிகளின் எல்லையாக வழக்கமாகச் சொல்லப்படுவது −0.40 வோல்ட், திட்ட ஹைட்ரஜன் மின்வாயைப் பொறுத்து. நம் −0.90 வெள்ளி குளோரைடு மின்வாயைப் பொறுத்தது; மாற்றினால் சுமார் −0.70. அப்படியும் 0.3 வோல்ட் தள்ளி இருக்கிறது. அந்தக் கதவு திறக்கவே திறக்காது என்றால், திறந்தபின் என்ன ஆகும் என்பதற்கு எவ்வளவு எடை கொடுப்பது? இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையானது. டீட்டா தாமிரத்தின் ஒடுக்கம் −0.98 வோல்ட், நான்கு ஈனிகளில் ஒடுக்குவதற்கு மிகக் கடினமானது அதுதான். ஆனால் கல்லீரலில் தாமிரத்தைப் பறிகொடுத்ததும் அதுதான். ஒடுக்க மின்னழுத்தத்தை மட்டும் வைத்து உடலில் நடப்பதைக் கணிக்க முடியாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அப்படியானால் எதை வைத்துக் கணிப்பது? அமிலத்தில் சிதையும் வேகத்தை. 5 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 90 டிகிரி செல்சியஸ்; வெளியான அரை ஆயுள்கள் இவை: டோட்டா தாமிரம் 3 நிமிடத்துக்கும் குறைவு, டீட்டா 4.5 நிமிடம், டையாம்சார் 40 மணி நேரம், சிபி-டீஇ2ஏ 154 மணி நேரம். ரத்தத்தில் 5 மோலார் அமிலம் இல்லைதான். ஆனால் ஈனியின் கைகள் ஒவ்வொன்றாகக் கழன்று உலோகம் வெளிப்படுவது எவ்வளவு கடினம் என்பதை அந்தச் சோதனை நேரடியாகத் தொடுகிறது. புரதம் தாமிரத்தைப் பறிக்க வேண்டுமானாலும் அதே கைகள் கழன்றாக வேண்டும்.

மாணவி தன் பொருளிலும் ஒப்பீட்டுக்காக டீட்டாவிலும் இதைச் செய்தார். டீட்டா குப்பியின் நீலம் சுடுநீர்த் தொட்டியில் வைத்த சற்று நேரத்திலேயே மஞ்சள் கலந்த பச்சையாக மாறியது, கட்டற்ற தாமிரம் குளோரைடோடு சேர்ந்தால் வரும் நிறம். கூண்டுக் குப்பி அடுத்த நாள் காலையிலும் நீலமாகவே இருந்தது. அதன்பின் அவர் கூண்டை எதிர்த்துப் பேசவில்லை.

அமிலச் சோதனையில் சிபி-டீஇ2ஏ மேலே இருக்க, ஏன் கூண்டு? வெப்பம்தான் காரணம். சிபி-டீஇ2ஏக்குள் தாமிரத்தை ஏற்ற 95 டிகிரி அளவுக்குச் சூடாக்க வேண்டும். எதிருயிரி அந்தச் சூட்டில் முட்டை வெள்ளை போலத் திரண்டுவிடும். டையாம்சார் அறை வெப்பநிலையில், சில நிமிடங்களில் தாமிரத்தை எடுத்துக்கொள்கிறது. 40 மணி நேரமா 154 மணி நேரமா என்பது இங்கே இரண்டாம்பட்சம். வழிகாட்டி கூண்டைத் தேர்ந்தார். என் கருத்தும் அதுதான்.

பின்விளைவு

தாமிரம்-64 ஏற்றிய கூண்டை முதலில் தனியாக, எதிருயிரி இல்லாமல், மனித ரத்த சீரத்தில் 37 டிகிரியில் வைத்துச் சோதித்தார்கள். எதிருயிரியோடு வைத்தால் அதுவும் புரதம், சீரமும் புரதம், எதில் தாமிரம் இருக்கிறது என்று பிரித்துச் சொல்வது கடினம். அளவு வாரியாகப் பிரிக்கும் சிறிய குழாயில் விட்டபோது, மறுநாளும் கதிரியக்கம் சிறிய மூலக்கூறோடுதான் இறங்கியது. புரதப் பகுதியில் குறிப்பிடத்தக்க அளவு இல்லை.

எதிருயிரியோடு இணைப்பதில்தான் அடுத்த சிக்கல் வந்தது. டையாம்சாருக்கு இரு முனையிலும் அமீன். ஒரு முனை ஓர் எதிருயிரியையும் மறு முனை இன்னொன்றையும் பிடித்தால் இரண்டும் கோத்துக்கொள்ளும், கரைசலில் திரட்சி வரும். ஈனியை மிகுதியாகப் போட்டு ஓரளவு சமாளித்தார்கள். இதற்குச் சரியான தீர்வு துறையில் ஏற்கெனவே இருக்கிறது: ஒரு முனையில் மெத்தில் தொகுதி, மறு முனையில் கார்பாக்சில் கை உள்ள கூண்டு. அந்த வகைக் கூண்டை, கட்டியில் போய் ஒட்டும் ஆக்ட்ரியோடேட் பெப்டைடோடு இணைத்த சார்டேட் என்ற மருந்தை மெல்போர்னின் பீட்டர் மெக்கலம் புற்றுநோய் மையத்தில் நியூரோஎண்டோகிரைன் கட்டி உள்ள 10 நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்த முடிவுகள் 2019-இல் வெளியாயின. 24 மணி நேரம் கழித்தும் கட்டிகளில் தாமிரம் தங்கியிருந்தது; கல்லீரலிலிருந்து குறைந்துகொண்டே வந்தது. வோல்டாமெட்ரியில் மீளாத ஓர் அணைவுக் குடும்பம் மனித உடலில் இப்படி நடந்துகொண்டதை அறிந்தபோது எங்கள் ஆய்வகத்தில் இருந்த மகிழ்ச்சி சாதாரணமானது அல்ல.

இப்போது செய்தால் மாறுபவை

மீதக் கோபால்ட்டை மின்வேதியியல் சிக்கலாக மட்டும் பார்த்தது போதாது. கோபால்ட் உட்கார்ந்த கூண்டு எதிருயிரியில் இணையும், ஆனால் தாமிரத்தை ஏற்காது. ஒட்டும் இடங்களில் ஒரு பங்கு வீணாகும். எனவே வெற்று ஈனியையே, தாமிரம் சேர்க்கும் முன்பே, ரெசினில் ஓட்டிச் சுத்தம் செய்வதுதான் சரி.

ஸ்கேனைத் திருப்பும் இடத்தை மாற்றிப் பார்ப்பதை முதல் நாளே செய்யலாம். கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது. ஒவ்வொரு மின்னழுத்த மதிப்புக்குப் பக்கத்திலும் ஒப்பு மின்வாயின் பெயரை எழுதாமல் விடக் கூடாது. −0.40-ஐயும் −0.90-ஐயும் ஒரே அளவுகோல் என்று எடுத்துப் பேசிய விவாதங்கள் அந்த நாட்களில் ஆய்வகத்தில் நிறையவே நடந்தன. அமிலச் சோதனையை வோல்டாமெட்ரிக்கு முன்னால் வைத்திருந்தால் கூண்டைக் கைவிடும் பேச்சே எழுந்திருக்காது, மாணவியின் நேரமும் மிச்சமாகியிருக்கும்.

மாணவி தன் ஆய்வேட்டில் முதல் வோல்டாமெட்ரி வரைவையும் தூய பொருளின் வரைவையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வைத்து, மூன்று முகடுகளுக்கும் காரணம் எழுதியிருக்கிறார். அந்தக் குழுவில் இப்போது ஒவ்வொரு தொகுதி ஈனிக்கும் நிறை நிறமாலையை 371-ஐச் சுற்றிப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். அங்கே ஒன்றும் இல்லாத தொகுதிதான் உயிரியல் குழுவுக்குப் போகிறது.